பேனாவில் எழுதிய கார்புரேட்டர்

ஹைதராபாத் உப்பலில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பட்டறைக்கு இப்போது யாதகிரிதான் ஃபோர்மேன். போன வாரம் போன் செய்தான். குரலிலேயே எரிச்சல் தெரிந்தது.

"அன்னா, புதுசா டேப்லெட் குடுத்திருக்காங்க. வண்டி கேட்டுக்குள்ள வந்ததும் பழுதுக்குக் காரணம் என்னான்னு லிஸ்ட்ல தொடணுமாம். தொடாட்டி அடுத்த பக்கம் தொறக்காது. பானெட்டே தொறக்கல, அதுக்குள்ள காரணம் எப்படித் தொடறது?"

"எதையாவது தொட்டுட்டு வேலையைப் பாரேன்" என்றேன், அவன் வாயைக் கிளறுவதற்காக.

"நீங்களா இதச் சொல்றீங்க? பச்சை வண்டிய மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மறக்கக்கூடிய விஷயமா அது? அந்தக் கதையைப் புதிதாக வந்திருக்கும் மெக்கானிக்குகளுக்கு எழுதித் தரச் சொல்கிறான். "முழுசா எழுதணும் அன்னா, பாதி நக்கோ, வேணாம்" என்று எச்சரிக்கை வேறு. யாதகிரிக்குத் தாய்மொழி தெலுங்கு. எங்களோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவன். என் மகளோ வீட்டில் தமிழ் கேட்டே வளர்ந்தும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். நான் வாசிக்க வாசிக்க அவள் இதைத் தெலுங்கில் எழுதித் தருவதாக ஏற்பாடு. எழுத்து நன்றாக இல்லாவிட்டால் பழியை அவள் மேல் போட்டுவிடலாம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தேவராஜ். கொள்ளுத்தாத்தா காலத்தில் செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பயிற்சி. காலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தைத் தவிர அந்த வருடங்களில் பெரிதாக நினைவில் நிற்பது இல்லை. பிறகு அங்கேயே வாகனப் பிரிவில் கொஞ்ச காலம். அதற்கப்புறம்தான் உப்பல். பழைய கார்களை மட்டும் பார்க்கும் பட்டறை அது. ஹைதராபாத்தில் அப்படிப்பட்ட பட்டறைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எனக்குக் கொடுத்த மேஜை எலெக்ட்ரிக்கல். யாதகிரிக்குக் கார்புரேட்டர்.

எங்களுக்கு மேலே அப்போதைய ஃபோர்மேன் செல்வநாதன் சார். அவரும் செகந்திராபாத் தமிழர். பெரிய உடம்பு, சின்னக் குரல். எந்த வண்டியையும் அவர் தொட்டுப் பார்த்து நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முழம் தள்ளியே நிற்பார். திட்டமாட்டார். கெட்ட செய்தி ஏதாவது சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே பட்டறையில் ஸ்பானர் சத்தம் நின்றுவிடும்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் பிளேடால் சீவிய மூன்று பென்சில்கள் இருக்கும். ஒரே ஒரு பேனா, மூடி போட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் ஜாப் கார்டு என்று ஓர் அட்டை உண்டு. வண்டிக்கு என்ன கோளாறு என்று நமக்குத் தோன்றினால் அட்டையில் பென்சிலால் எழுத வேண்டும். வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்த்து, இதுதான் காரணம் என்று நிச்சயமான பிறகே பேனா. பேனா எழுத்துக்குக் கீழே வேலை செய்தவன் பெயரும் வர வேண்டும்.

இது போதாதென்று இன்னொன்று. ஒரு பாகத்தை மாற்றினோம், வண்டி சரியாகவில்லை என்றால், புதிதாகப் போட்டதைக் கழற்றிவிட்டுப் பழையதையே திருப்பிப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். நான் சேர்ந்த புதிதில் இது எனக்குச் சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. புது பிளக் போட்டாகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டுமே?

"கைக்கு ப்பா?" என்பார் செல்வநாதன் சார், ஏன் என்பதற்கு ஹைதராபாத்து உருது. "நாலு சாமான் மாத்தி வண்டி சரியாச்சுன்னா எதுனால சரியாச்சு? சொல்லு. தெரியாதுல்ல? அப்ப நீ சரி பண்ணல. அதுவா சரியாச்சு. அதுவா சரியானது அதுவா கெடும்."

கழற்றிய பழைய பாகங்களையும் தூக்கி எறியக் கூடாது. வண்டி நம்பர் எழுதிய காகித உறையில் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு வருடம் இருக்கும். தூசி தட்டவே ஒரு ஆள் வேண்டும் என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். யாராவது காரணம் சொல்ல வாயைத் திறந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"பாத்தியா, நெனச்சியா?"

நினைத்தேன் என்றால் பென்சில். பார்த்தேன் என்றால் பேனா. அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

பச்சை வண்டிக்கு வருகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, மேலே கூரை இல்லை, நான்கு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். சொந்தக்காரர் டாக்டர் கலைவாணி. கோயம்புத்தூர்க்காரர், வேலைக்காக ஹைதராபாத் வந்தவர். ஜீடிமெட்லாவில் மூடிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் வாங்கினாராம். மூன்று வருடம் எங்கள் பட்டறையில் அதை எழுப்பி நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரே ஓட்டுவார். டிரைவர் கிடையாது.

அதன் டிஸ்ட்ரிபியூட்டரை நான்தான் பிரித்துச் சேர்த்தேன். நான்கு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டப்பாதான் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள்ளே ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டையும் டப்பாவின் உடம்பையும் இணைத்து ஒரு சின்ன எர்த் ஒயர், சுண்டுவிரல் நீளம்கூட வராது. மேலே சுற்றியிருந்த துணி நைந்து பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நல்ல பிளாஸ்டிக் உறை போட்ட செப்பு ஒயரை வெட்டி, இரண்டு முனையிலும் பற்று வைத்துப் பொருத்தினேன். ஈயம் முத்து மாதிரி உட்கார்ந்தது. அழகு பார்த்து போனில் படம்கூட எடுத்தேன். பழைய ஒயரை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். அது செல்வநாதன் சாருக்குப் பயந்து செய்தது.

எட்டு மாதம் வண்டி நன்றாக ஓடியது. ஒன்பதாவது மாதம் டாக்டர் போன் செய்தார்.

"தேவராஜ் அண்ணா, மிஸ்ஸிங் அடிக்குதுங்க. அரை மணி நேரம் நல்லாப் போகுது. அப்புறம் அறுபதுல சீராப் போயிட்டிருக்கறப்ப தட்டித் தட்டிப் போகுதுங்க. நல்லா மிதிச்சா சரியாயிருது. மறுபடி காலைத் தளர்த்துனா மறுபடி தட்டுது."

இதைவிடத் தெளிவாக ஒரு வண்டிக்காரர் பழுதைச் சொல்ல முடியாது. அதைக் கேட்கத்தான் எனக்குக் காது இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்வநாதன் சார் கண் ஆபரேஷனுக்காகப் ஒரு மாதம் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் நான். அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை, ஆனால் தலைக்கனம் மட்டும் தாராளமாக வந்து உட்கார்ந்துவிட்டது. சீராகப் போகும்போது தட்டுகிறது, மிதித்தால் சரியாகிறது என்றால், கொஞ்சமாக மிதிக்கும்போது பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோலைக் கொடுப்பது கார்புரேட்டர். எலெக்ட்ரிக்கல் பக்கம் எல்லாம் நான் செய்தது, அதில் என்ன இருக்கப்போகிறது? ஜாப் கார்டை எடுத்தேன். பென்சில் பக்கத்திலேயே கிடந்தது. பேனாவைத் திறந்து எழுதினேன்: காரணம், கார்புரேட்டர்.

யாதகிரி இரண்டு கார்புரேட்டரையும் இறக்கிப் பிரித்துக் கழுவிப் பூட்டினான். அரை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து வண்டியைக் கொடுத்தோம். அரை மணி நேரம் கழித்து வரும் பழுதை அரை கிலோமீட்டரில் தேடிய புத்திசாலிகள் நாங்கள். மறு வாரம் வண்டி திரும்பி வந்தது. மறுபடி பிரித்தான். பெட்ரோலை அளந்து விடும் ஊசி, ஜெட் எல்லாம் புதிது போட்டான். மறுபடி போனது. மறுபடி வந்தது, மூன்றாவது முறையும் பிரித்துப் பூட்டிக் கொடுத்தான்.

அதற்குப் பிறகும் தட்டியபோது டாக்டர் போன் செய்யவில்லை, நேரில் வந்தார். உப்பல் தாண்டி வரங்கல் சாலையில், மேம்பாலத்துக்காகத் தூண் தூணாக நிற்கும் இடத்தில், வலது பக்கம் தடுப்பு, இடது பக்கம் பஸ். அங்கே வண்டி தட்டித் தட்டி அப்படியே துவண்டிருக்கிறது. பின்னால் கம்பி ஏற்றிய லாரி.

"பிரேக் போட்டான் பாருங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்குதுங்க" என்றார். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். "கண்ணாடியில லாரியோட நம்பர் பிளேட்டு மட்டுந்தான் தெரிஞ்சுது. எனக்கு வண்டி பெருசில்லைங்க. ஆனா சரியாயிருச்சுன்னு சொல்லித்தானே மூணு தடவையும் குடுத்தீங்க?"

எங்கள் முதலாளி அங்கேயே ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தார். பேனாவில் கார்புரேட்டர் என்று இருக்கிறது. கார்புரேட்டர் பார்த்தவன் யாதகிரி. மூன்று முறையும் அவனே. முதலாளிக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. இந்தப் பழுதுக்குக் காரணமான ஆள் சனிக்கிழமைக்கு மேல் இங்கே இருக்கமாட்டான் என்று டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று வியாழன்.

யாதகிரி போய்த் தன் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான். மூன்று முறை கார்புரேட்டர் பார்த்தும் சரி செய்யத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிய கார்புரேட்டர் மெக்கானிக்கை இந்த ஊரில் வேறெந்தப் பழைய வண்டிப் பட்டறை உள்ளே விடும்? பதினான்கு வருடம் அந்த ஒரு வேலையை மட்டுமே கற்றவன். துடைத்த மேஜையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

செல்வநாதன் சார் அன்று மதியம்தான் விடுப்பு முடிந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜாப் கார்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர்கள் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கண் சிவந்து நீர் கட்டியிருந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"பேனா யாரு?"

"நான்தான் சார்."

"பாத்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன் சார்."

அவர் முதலாளியிடம் போய், சனிக்கிழமை மாலைவரை வண்டி தன் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு பென்சிலை நீட்டினார். "யாதகிரி போட்ட புது சாமான் எல்லாத்தையும் கழட்டு. பழசத் திருப்பிப் போடுங்க ரெண்டு பேரும். மொதல்லேர்ந்து."

அவர் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை முழுக்க அதற்கே போனது. புது ஊசி, புது ஜெட் எல்லாம் வெளியே. பழையவை உள்ளே. யாதகிரி பேசாமலே ஸ்பானரை நீட்டினான், பேசாமலே வாங்கினான். மாலையில் என்னால் தாங்க முடியவில்லை. "டேய், என்னை ஏதாவது திட்டேன்" என்றேன்.

"திட்டினா வண்டி சரியாகுமா அன்னா?" என்றான். "மொதல்ல இத முடிப்போம். அப்புறம் பொறுமையா உக்காந்து திட்டறேன்."

அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். இந்த வண்டியின் பழுதைக் கண்ணால் பார்க்காமல் சனிக்கிழமை வீட்டுக்குப் போவதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன், யாதகிரி பக்கத்தில். செல்வநாதன் சார் பட்டறை வாசலில் நின்று ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்பினார். "எப்ப வருதுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. என்ன பண்ணா நிக்குது? அத மட்டும் பாத்துட்டு வாங்க."

அதே வரங்கல் சாலையில் கட்கேசர் பக்கம் போனோம். அறுபதிலேயே வைத்திருந்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. இருபத்தைந்து. தர்பூசணி விற்கும் வண்டிகளைத் தாண்டியபோது வந்தது. முதலில் ஒரு தட்டு. பிறகு இரண்டு. பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல வண்டி பின்வாங்கிப் பின்வாங்கிப் போனது.

"அன்னா, அப்டியே வெச்சிருங்க. கால அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு யாதகிரி சோக் குமிழைப் பிடித்து இழுத்தான்.

இதை நான் மூன்று வாரம் முன்பே செய்திருக்க வேண்டும். சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். பெட்ரோல் போதாமல் தட்டுகிறது என்றால் சோக் இழுத்ததும் கொஞ்சமாவது அடங்க வேண்டும். அடங்கவில்லை. இன்னும் இழுத்தான். தட்டல் அப்படியேதான் இருந்தது, கறுப்புப் புகைதான் கூட வந்தது.

யாதகிரி என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "காரணம் பெட்ரோல் இல்ல அன்னா" என்றான்.

"இல்லை" என்றேன். அந்த ஒற்றை வார்த்தையில் அவன் நிரபராதி. பேனாவில் நான் எழுதியது பொய்.

ஓரமாக நிறுத்தினோம். மிதித்தால் தட்டல் நிற்கிறது, தளர்த்தினால் வருகிறது. காலின் அழுத்தத்தோடு மாறுவது பெட்ரோல் மட்டும்தானா? கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய குழாய் ஒன்று போகிறது. சீராகப் போகும்போது இன்ஜின் உறிஞ்சும் காற்று அந்தக் குழாய் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டை லேசாகத் திருப்பும். நன்றாக மிதித்தால் உறிஞ்சல் நின்று தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நான் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு திருகாணியைச் சொருகினேன். மறுபடி அறுபது. பத்து நிமிடம் ஓட்டினோம். ஒரு தட்டல் இல்லை. நிறுத்திக் குழாயைத் திருப்பி மாட்டினேன். இரண்டே நிமிடத்தில் தட்டியது. மறுபடி பிடுங்கினேன், போய்விட்டது. மாட்டினேன், வந்தது.

தட்டு திரும்பினால் பழுது. திரும்பாவிட்டால் இல்லை. அந்தத் தட்டைத் தொட்டவன் நான் ஒருவன்தான்.

சாலையோரப் புங்க மர நிழலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன். எல்லாம் பளபளவென்று இருந்தது, என் வேலை அப்படித்தான் இருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தட்டிலும் இன்னொன்றை டப்பாவின் உடம்பிலும் வைத்தேன். சுத்தமான இணைப்பு காட்டியது. யாதகிரி குழாயை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட உறிஞ்சினான். தட்டு மெல்லத் திரும்பியது. மீட்டரில் எண் குதித்தது, இணைப்பு விட்டுவிட்டது. அவன் மூச்சை விட்டான், எண் அடங்கியது. மறுபடி உறிஞ்சினான். மறுபடி குதித்தது.

ஸ்குரூடிரைவர் நுனியால் எர்த் ஒயரை லேசாகத் தூக்கினேன். பிளாஸ்டிக் உறை முழுசாக இருந்தது. ஆனால் நான் பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்தில், உறைக்குள்ளே, செம்பு அறுந்திருந்தது. ஈயம் உள்ளே ஓடி ஒயரை விறைப்பாக்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை தட்டு திரும்பும்போதும் அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒவ்வொரு இழையாக முறிந்திருக்கிறது. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை வண்டி ஓடும். இன்ஜின் சூட்டில் உறை இளகிய பிறகு தட்டு திரும்பினால் விலகும், பிளக்கில் பொறி விட்டுப்போகும். துணி சுற்றிய அந்த அசிங்கமான பழைய ஒயர், லட்சம் முறை மடங்குவதற்காகவே தலைமுடி மாதிரி இழைகளால் செய்யப்பட்டது. நான் அழகுக்காக அதை எடுத்துவிட்டேன்.

வெட்கமாக இருந்தது. என் கை தன்னால் அந்த மூடியை எடுத்து மூடப் போனது. ஒரு கணம்தான். ஆனால் போனது.

யாதகிரி குழாயை வாயிலிருந்து எடுத்தான். உதட்டில் பெட்ரோல் வாடை. துப்பிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"அன்னா, பழைய ஒயர் அறுந்துச்சுன்னு எழுதிடலாம்" என்றான். "அம்பது வருஷ வண்டி. அறுந்துச்சு. யாரு கேக்கப் போறாங்க? என் வேலை போகாது. உங்க வேலையும் போகாது."

முதலாளி வாக்குக் கொடுத்தது அவனுக்கு மறக்கவில்லை. காரணமான ஆள் சனிக்கிழமைக்கு மேல் இருக்கமாட்டான். அது இப்போது நான். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வேறு பட்டறையில் போய்ப் புது ஆளாக நிற்கிற வயதா? என் தவறால் வேலை போக இருந்தவன், என் வேலையைக் காப்பாற்ற வழி சொல்கிறான். எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது. இப்படி ஒருவன் நல்லவனாக இருந்தால் மற்றவன் என்ன செய்வது?

"வண்டில ஏறு" என்றேன்.

பட்டறைக்கு வந்து அலமாரியில் தேடினேன். உறை இருந்தது, வண்டி நம்பர் என் கையெழுத்தில். உள்ளே பழைய ஒயர். துணி மட்டுமே நைந்திருந்தது, இழைகள் அத்தனையும் முழுசு. அதற்கு மேல் புதுத் துணி உறை இழுத்து, பழைய இடத்திலேயே பூட்டினேன். குழாயை மாட்டி, மதிய வெயிலில் கட்கேசர்வரை இரண்டு முறை போய்வந்தோம். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு தட்டல்கூட வரவில்லை.

நாலு மணிக்கு முதலாளியும் டாக்டரும் வந்தார்கள். செல்வநாதன் சார் ஜாப் கார்டை மேஜையில் வைத்து, தன் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார். என்ன கண்டுபிடித்தோம் என்று அவர் அதுவரை கேட்கவே இல்லை. யாதகிரி என் பின்னால் நின்று தொண்டையைச் செருமினான். நான் கார்புரேட்டர் என்ற வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: டிஸ்ட்ரிபியூட்டர் எர்த் ஒயர் உள்ளே முறிவு. பொருத்தமில்லாத ஒயரைப் பற்று வைத்துப் போட்டதால் வந்தது. போட்டவர், தேவராஜ்.

பிறகு அதை உரக்கப் படித்தேன். அறுந்த ஒயரை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் அவர். "இதுக்குத்தான் அந்த லாரி..." முடிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். "மூணு தடவை ஒரு ஆளைக் குத்தவாளியா நிக்க வெச்சீங்களே, அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாங்க?"

கேட்டிருக்கவில்லை. எல்லோர் எதிரிலும் திரும்பி யாதகிரியிடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "போங்க அன்னா" என்றான்.

முதலாளி வாக்கைக் காப்பாற்றத்தான் நினைத்தார். செல்வநாதன் சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "அந்த ஒயர் வேலைக்கு அன்னிக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். இவனை அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க. இல்லாட்டி தண்டனைய நான் குடுக்கறேன்" என்றார். முதலாளி சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

தண்டனை கிடைத்தது. ஆறு மாதம் என் மேஜை எனக்கு இல்லை. பேட்டரி சார்ஜ் பண்ணும் மூலையில் நின்று தண்ணீர் ஊற்றினேன். நான் முடித்த வேலைகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு யாதகிரிக்கு. கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் சோதித்தான். பொறுமையாக உட்கார்ந்து திட்டுகிறேன் என்று சொல்லியிருந்தானே, அந்த ஆறு மாதத்தில் தவணை தவணையாகத் திட்டித் தீர்த்தான். டாக்டர் கலைவாணி அந்த வருடம் முழுவதும் என் பக்கம் திரும்பிப் பேசவில்லை. ஆனால் வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோகவும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பழைய ஒயரோடுதான் ஓடுகிறது.

டேப்லெட் விஷயத்தில் யாதகிரி ஒரு வேலை செய்திருக்கிறான். லிஸ்டில் எதையும் தொடமாட்டேன், தெரியவில்லை என்று ஒரு கட்டம் கொடுங்கள், கொடுக்கும்வரை அட்டையில்தான் எழுதுவோம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டானாம். அந்தக் கட்டம் வரும்வரை அவன் பிடிவாதத்தை விடக் கூடாது. தேவைப்பட்டால் நானும் வந்து நிற்கிறேன்.

இவ்வளவையும் பேனாவில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பார்த்தேன். ஒன்றை மட்டும் முழுசாக எழுதணும் என்று யாதகிரி கேட்டதற்காகச் சேர்க்கிறேன். அன்றைக்குச் சாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்காமல் நான் தனியாகப் போயிருந்தால், அந்த மூடியை மூடிவிட்டு வந்து பழைய ஒயர் என்று எழுதியிருப்பேனா? மாட்டேன் என்று நினைக்கிறேன்.

நினைக்கத்தான் நினைக்கிறேன். அதனால் அந்த வரியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.